அமுதபுரியில் யாரும் வசிக்கவில்லை

"மனித குலத்தின் கவனத்துக்கு! வரலாறு ஒரு கணம் நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய அறிவிப்பு இது. நல்லெண்ணக் குழுமம் தன் ‘ஒருவருக்காக அனைவரும்’ வாரத்தை இன்று காலை பத்து மணிக்குத் தொடங்கி வைக்கிறது. இந்த ஏழு நாள்களும் எங்கள் நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு ஊழியர்களும் பச்சை நாடா அணிவார்கள்; ஒருவர் துயரத்தை மற்றவர் இதயத்தால் கேட்பார்கள். மதிய உணவு இடைவேளை வழக்கம்போல் பதினெட்டு நிமிடம்."

குழுமத்தின் தலைவர் ஒளியுருவாக நின்று இதைச் சொல்லி முடித்துக் கைகூப்பினார். ஊரப்பாக்கம் கிளையின் மூன்றாம் மாடியில் கூடியிருந்த எண்ணூறு பேரும் பலமாகக் கைதட்டினார்கள், சரியாக ஒன்றரை நொடி கழித்து.

அந்த ஒன்றரை நொடியை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. நல்லெண்ணக் குழுமத்து ஆட்களைத் தெருவில் அடையாளம் காண்பது சுலபம். நகைச்சுவை சொன்னால், சொன்னவர் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு சிரிப்பார்கள். சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை உடனே விலகிவிடும், "ஆ!" மட்டும் சற்றுப் பொறுத்து வரும். அவர்கள் வண்டி ஓட்டக் கூடாது என்று அரசு தடை விதித்திருந்தது. கல்யாணத்தில் தாலி கட்டும்போது மட்டும் நாதஸ்வரக்காரர்கள் அவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டி வாசிப்பது உண்டு.

காரணம் இதுதான். ஒரு நாட்டில் உட்கார்ந்து, இன்னொரு நாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்து, மூன்றாவது நாட்டில் விற்கும் மனிதரிடம் யார் வரி வாங்குவது என்று உலக நாடுகள் பல காலமாகச் சண்டை போட்டுவந்தன. ஒன்பது கடற்கரை விடுதிகளில் ஒன்பது மாநாடுகள் கூட்டி, கடைசியில் ‘சிந்தனைத் தல ஒப்பந்தம்’ என்ற ஒன்றில் கையெழுத்திட்டன. மனிதன் எங்கே சிந்திக்கிறானோ அங்கேதான் வசிக்கிறான், அங்கேதான் வரி. கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. மை காய்வதற்குள் நிறுவனங்கள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டன: அப்படியானால் சிந்தனையை எங்கே கொண்டுபோய் வைக்கலாம்?

நல்லெண்ணக் குழுமம் அதை ஒரு கல்லில் வைத்தது. பூமியிலிருந்து இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு கல்யாண மண்டபம் அளவுள்ள கல். யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கல்லை வளைத்துப்போட்டு ‘அமுதபுரி’ என்று பெயரிட்டு, ஊராகப் பதிவு செய்தார்கள். ஊரில் ஒரே கட்டடம், ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் அளவுள்ள ஒரு பெட்டி. ஊழியர்களின் பின்மண்டையில் அரிசி மணியளவு ‘எண்ணிழை’ ஒன்றைப் பதித்தார்கள். தோன்றும் எண்ணமெல்லாம் அதன் வழியே மேலே போய், பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றரை நொடியில் திரும்பி வரும். அவ்வளவுதான். மக்கள்தொகை 41,206. வருமான வரி கிடையாது. ஒரு தொழிலாளர் சட்டமும் அவ்வளவு தூரம் ஏறி வந்ததில்லை.

நிறுவனத்தின் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். பிற நிறுவனங்களுக்கு மனசாட்சியை வாடகைக்கு விடுவது. ஏரியைக் கெடுத்தவர்களுக்கு உருக்கமான மன்னிப்புக் கடிதம், ஆட்குறைப்புச் செய்தவர்களுக்குக் கண்ணீர் மல்கும் காணொளி, ஆண்டுக்குப் பன்னிரண்டு சமூக அக்கறைகள் அடங்கிய நாள்காட்டி. நல்ல வியாபாரம்.

பூவராகன் அங்கே கூட்டக் குறிப்பாளர். வயது நாற்பத்தாறு. நிறுவனத்தின் எல்லாக் கூட்டங்களுக்கும் குறிப்பு எழுதுவது அவர் வேலை. கூட்டம் நடப்பதற்கு முந்தின வாரமே எழுதி முடித்துவிடுவார். யார் என்ன கருத்துச் சொல்வார்கள், எது பாராட்டப்படும், எப்போது சிரிப்பு எழும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பங்கேற்பவர்கள் அதைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவார்கள். பதினோரு ஆண்டுகளில் ஒரு திருத்தம் வந்ததில்லை.

அன்று அவரும் கைதட்டினார். ஆனால் எண்ணம் வேறெங்கோ இருந்தது. முந்தின நாள்தான் சோதனை முடிவு வந்திருந்தது. மனைவி வேதவல்லிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அவருடையது அவளுக்குப் பொருந்துகிறது. பொருந்தாது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்று மருத்துவர் சிரித்தார். பூவராகனும் சிரித்தார், மருத்துவர் அறையை விட்டுப் போன பிறகு.

*

உறுப்பு மாற்று ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் காசிலிங்கம் என்ற எழுத்தர் இருந்தார். அந்த நாற்காலியில் முன்பு வைத்த மூன்று ரோபோக்களும் மனுதாரர்கள் அழுவதைப் பார்த்துப் பார்த்துப் பழுதாகிவிட்டதால் மனிதரை நியமித்திருந்தார்கள்.

"மனு பக்காவா இருக்கு சார்" என்றார் காசிலிங்கம். "ரத்தம் பொருந்துது, திசு பொருந்துது, சம்சாரம்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குது."

"என்ன சார்?"

"நீங்க இங்க இல்ல."

ஒன்றரை நொடி கழித்துப் பூவராகன் திடுக்கிட்டார். "உங்க எதிர்லதானே சார் உட்காந்திருக்கேன்?"

"எனக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. வதிவிடம் அமுதபுரின்னு வருது. வெளிக்கோள் ஊர். அங்கேருந்து ஒரு உறுப்பு பூமிக்கு வந்தா அது இறக்குமதி சார். நாப்பது நாள் தனியா வச்சுப் பாக்கணும். கிட்னிய வெளிய எடுத்து வச்சா ஒரு நாள் தாங்குமா?"

"வெளிய எதுக்கு வைக்கணும்? அது என் வயித்துக்குள்ளதான் இருக்கு."

"உங்க வயிறே அங்கதானே இருக்கு."

பூவராகன் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காலையில் சாப்பிட்ட பொங்கல் கனமாக இருந்தது. இது இரண்டேகால் லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வயிறு என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

காசிலிங்கம் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். "குடிங்க சார். டீக்கு நாங்க வதிவிடம் கேக்கறதில்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. ‘மேற்படியாரின் உடல் பூமியில் உள்ளது.’ ஒரே வரி. நான் அன்னைக்கே முடிச்சுத் தர்றேன்."

*

மனித மலர்ச்சித் துறையின் தலைவி மிருணாளினியின் அறையில் மேசை கிடையாது. மேசை மனிதர்களைப் பிரிக்கிறது என்பது குழுமத்தின் கொள்கை. இருவரும் தரையில் திண்டுகளில் உட்கார்ந்தார்கள். மிருணாளினி முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் பூவராகன் கோபப்பட்டிருக்கலாம்.

"ஒரு வரிதான் மேடம்."

"இங்க யாரும் யாருக்கும் மேடம் இல்ல பூவராகன். நாமெல்லாம் ஒரே குடும்பம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வரிதான். ஆனா உங்க உடம்பு பூமியில இருக்குன்னு நாங்க எழுதிக் கொடுத்தா, மத்த நாப்பத்தோராயிரம் உடம்பும் கூடவே இறங்கிடும். அப்புறம் எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, வருங்கால வைப்பு நிதி, பதினோரு வருஷ வரி எல்லாம் வரிசையா இறங்கும். குழுமம் தாங்காது. குழுமம் இல்லன்னா இந்த உலகத்துல அக்கறைய யாரு தயாரிப்பாங்க?"

"என் மனைவி செத்துப்போயிடுவா மேடம்."

"நான் அதை உணர்றேன்" என்று தன் நெஞ்சில் இருந்த பச்சை நாடாவைத் தொட்டாள். "உங்களுக்கு மூணு மனநல அமர்வு இலவசம்."

பூவராகன் திண்டிலிருந்து எழ முயன்றார். முதல் முயற்சியில் முடியவில்லை. "அப்ப நான் ராஜினாமா பண்ணிடறேன்."

"தாராளமா. யாரையும் நாங்க பிடிச்சு வைக்கறதில்ல. பணியிடத்துல நேர்ல போய்க் கொடுக்கணும், அவ்வளவுதான்."

"பணியிடம்னா?"

"அமுதபுரி" என்றாள் மிருணாளினி, கொஞ்சம் வெட்கத்தோடு. "அடுத்த ராக்கெட் பதினாலு மாசம் கழிச்சு. அதுல ஆள் ஏற இடம் இருக்காது. பெட்டிக்குத் தூசி தட்டற ரோபோ மட்டும்தான் போகும்."

வழக்குப் போடலாமா என்று அன்று பிற்பகலே ஒரு வக்கீலைக் கேட்டார். வழக்கை வசிக்கும் ஊர் நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். கட்டணம் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவே பூவராகனுக்குப் பயமாக இருந்தது.

*

வேதவல்லி படகு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். கடல் உள்ளே வந்துவிட்ட பிறகு வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் படகு பஸ். அவளுடைய சிந்தனையை யாரும் மேலே அனுப்பவில்லை. அது படகிலேயே நடந்தது. ஆகவே அந்த வீட்டில் வரி கட்டும் ஒரே ஆள் அவள்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பூவராகன் எண்ணிழை பதித்துக்கொண்டு வந்த அன்று கேக் வெட்டினார்கள். மிச்சமான வரியில்தான் இந்த மூன்றறை வீடு வந்தது. "உங்களுக்கு மட்டும் எப்படிங்க?" என்று அன்று அவள் கேட்டாள். அவர் "புத்தி வேணும்" என்று தலையைத் தட்டிக் காட்டினார். புத்தி அந்த நேரம் வானத்தில் இருந்தது.

இப்போது ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது கையில் ஊசி குத்த இனி நரம்பு இல்லை. வலது கையில் இரண்டு இடம் பாக்கி. ஐந்து மாதம் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் தம்பி கொடுக்கலாமென்றால் அவனுக்குச் சர்க்கரை நோய், இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் வரிசையில் நான்கு ஆண்டு காத்திருப்பு. பூவராகனின் வயிற்றில் இருப்பதுதான் ஒரே வழி.

நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். அவள் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு எப்போதும் உடனே வரும்.

"ஊரப்பாக்கம் மாப்பிள்ளைன்னு சொல்லித்தானே உங்களக் கட்டி வச்சாங்க? அமுதபுரின்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பா ஆள் விட்டு விசாரிச்சிருப்பாரே!"

"விளையாடாத வேதா."

"யாரு விளையாடறா? ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணி. அதுல சாம்பாரும் கணக்கு, மோரும் கணக்கு. ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு சொம்பு தண்ணி, நிறுத்தாம, தொண்டையில வழிய வழிய குடிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். "ஆமா, மேல போறது உங்க யோசனைதானே?"

"ஆமா."

"கிட்னி என்னங்க யோசிக்குது? அது பாட்டுக்கு அது வேலையப் பாக்குது. அது எதுக்கு அமுதபுரிக்குப் போகணும்?"

ஒன்றரை நொடி கழித்துப் பூவராகன் எழுந்து நின்றார்.

மறுநாள் காசிலிங்கம் இதைக் கேட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டார். "அடடா! சம்சாரத்த வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கலாம் சார்!" விதிப் புத்தகத்தைத் திறந்து ஆர்வமாகப் புரட்டினார். பக்கம் செல்லச் செல்ல முகம் சுருங்கியது. "கிட்னி பூமிதான் சார். அத ஒத்துக்கறேன். ஆனா குடுக்கறதுக்கு உங்க சம்மதம் வேணுமே? சம்மதம் யோசிச்சுதானே குடுப்பீங்க?"

"ஆமா..."

"யோசனை எங்க நடக்குது?"

பூவராகன் விரலால் மேலே காட்டினார்.

"வெளிக்கோள்ல இருக்கறவங்க குடுக்கற சம்மதம் செல்லாது சார். அந்தக் காலத்துல சுரங்கக் கோள்ல முதலாளிங்க மிரட்டி மிரட்டி உறுப்பு எடுத்திருக்காங்க. அதத் தடுக்கப் போட்ட சட்டம். தொழிலாளர் நலனுக்காகப் போட்டது" என்றார் காசிலிங்கம், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

திரும்பி நடக்கையில் பூவராகனுக்கு மூச்சு முட்டியது. தெரு அகலமாகத்தான் இருந்தது. காற்றும் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உட்சுவர் தட்டுப்படுவது போல இருந்தது. பதினோரு ஆண்டாக அதற்குள்தான் இருந்திருக்கிறார். விளக்கு எரிந்ததால் தெரியவில்லை.

*

வழி அவருடைய சொந்தக் குறிப்புகளுக்குள்ளேயே இருந்தது. அமுதபுரி ஊர் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டம் நடத்தியாக வேண்டும். நான்கு நிமிடக் கூட்டம். எல்லோரும் திரையில் ‘சம்மதம்’ அழுத்திவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். அதற்கான குறிப்பின் பின்னிணைப்பாக ஒப்பந்தத்தின் பிரிவுகளை அவர் ஆண்டுதோறும் ஒட்டி வைப்பார். இருபத்துமூன்றாம் பிரிவு, கைவிடப்பட்ட சுரங்க ஊர்களுக்காக எழுதியது: ‘தம் ஊரில் யாரும் வசிக்கவில்லை என்று ஊர்க்கூட்டமே பெரும்பான்மையால் தீர்மானித்தால், அவ்வூர் கலைந்ததாகக் கொள்ளப்படும். எந்தக் குடியிருப்பவரும் தீர்மானம் கொண்டுவரலாம்.’ பதினோரு முறை ஒட்டியிருக்கிறார். ஒருமுறைகூடப் படித்ததில்லை. ஊர் கலைந்தால் அவர் மறுபடி பூமிக்காரர்; அவர் சம்மதமும் செல்லும்.

இந்த ஆண்டின் கூட்டம் அந்த வாரக் கடைசி நாள்தான்.

தீர்மானத்தை எழுதி மிருணாளினியிடம் கொடுத்தபோது அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டு முறை படித்தாள். தலைவரிடம் பேசிவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்பதுதான் நம்ம பண்பாடு பூவராகன். தலைவர் நெகிழ்ந்துட்டாரு. ‘ஊர் முடிவு செய்யட்டும்’னு சொல்லிட்டாரு. ரகசிய வாக்கெடுப்பு. ஒருவருக்காக அனைவரும்னு சும்மாவா சொல்றோம்?"

அன்று மாலையே ‘வேதவல்லிக்கு ஒரு துளி’ என்ற இயக்கம் தொடங்கப்பட்டது. ஊழியர்கள் திரையில் ஒரு கண்ணீர்த்துளியை அழுத்தலாம். வேதவல்லி பரிசோதகர் சீருடையில் படகு முனையில் நிற்கும் படம், பின்னணியில் புல்லாங்குழல். முதல் நாள் ஒன்பதாயிரம் துளிகள். மூன்றாம் நாள் முப்பதாயிரம். மன்னிப்புக் கடிதப் பிரிவு வேதவல்லிக்காக ஒரு கவிதை எழுதியது. அமுதபுரிக் கல்லின் படத்துக்குப் பச்சை நிறம் பூசினார்கள்.

பூவராகன் மதிய இடைவேளைகளில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. "உங்களுக்கு இல்லாம யாருக்கு சார்?" என்றார்கள். "கேக்கணுமா?" என்றார்கள். ஒருவர் பேச முடியாமல் விம்மினார். மன்னிப்புக் கடிதப் பிரிவு ஜெபக்கனி மட்டும் வேறொன்றைக் கேட்டாள்.

"சார், ஏழு வருஷத்துக்கு முன்னாடி எனக்குப் பிரசவ விடுப்பு கேட்டு ஒரு மனு சுத்துச்சு. ஞாபகம் இருக்கா? அமுதபுரியில ஆஸ்பத்திரி இல்லாததால அங்க யாரும் பிள்ளை பெத்துக்க முடியாதுன்னு விடுப்பு தர மறுத்தாங்களே."

"இருக்கும்மா."

"கையெழுத்துக் கேட்டு உங்களுக்கும் அனுப்பினேன். நீங்க ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பினீங்க."

பூவராகனுக்கு ஞாபகம் வந்தது. நல்ல படமாகத் தேடி எடுத்துத்தான் அனுப்பியிருந்தார். ஒரு வாரம் தன்னைப் பற்றித் தனக்கே நல்ல எண்ணம் இருந்தது. "தப்புதாம்மா" என்றார்.

"பிரசவ வலி எடுத்தப்ப ஒரு மன்னிப்புக் கடிதம் பாதியில இருந்துச்சு சார். முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனேன்." அவள் பெருமூச்சு விட்டாள். "விடுங்க. அக்காவுக்குப் போடாம இருப்பனா? போடறேன் சார்."

வாரத்தின் ஆறாம் நாள் மாலை துளிகளின் எண்ணிக்கை நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஐந்தைத் தொட்டது. அவரைத் தவிர ஊரே அழுதிருந்தது. வேதவல்லி திரையை இமைக்காமல் பார்த்தாள்.

"இத்தனை பேராங்க?"

"இத்தனை பேரு."

"எனக்கு டிக்கெட் இல்லாம மாட்டினவங்க அழுதுதான் பழக்கம்" என்றாள். "நான்கூட உங்க ஆபீஸ் ஆளுங்கள என்னமோ நெனச்சேன்."

*

ஊர்க்கூட்டம் காலை பதினோரு மணிக்கு. வேதவல்லிக்கு அன்று ரத்தச் சுத்திகரிப்பு நாள் என்பதால் பூவராகன் மருத்துவமனையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தே கலந்துகொண்டார். செவிலி வலது கையின் இரண்டு இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் திரை. இரவெல்லாம் யோசித்தும் அவரால் இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் முன்கூட்டியே குறிப்பு எழுத முடியவில்லை. அது நல்ல சகுனமாகப் பட்டது.

தலைவரின் ஒளியுரு தோன்றியது. வேதவல்லியின் பெயரை இரண்டு முறை சொல்லி, இரண்டாம் முறை கண் கலங்கியது. எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு வாக்குச்சீட்டு ஒவ்வொருவர் கண்முன்னும் விரிந்தது.

‘தீர்மானம்: அமுதபுரியில் யாரும் வசிக்கவில்லை. ஆதரிக்கிறேன் / எதிர்க்கிறேன்.’

கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. வெளிப்படைத்தன்மை கருதிச் சேர்க்கப்பட்டதாம். ‘தீர்மானம் நிறைவேறினால் நீங்கள் பூமிவாசியாவீர்கள். உரிமைகள்: எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, பிரசவ விடுப்பு, வருங்கால வைப்பு நிதி. கடமை: கடந்த ஆண்டுகளுக்கான உங்கள் சொந்த வருமான வரி, வட்டியுடன்.’ அதற்குப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவருக்கான தொகை. பூவராகனுக்குக் காட்டிய தொகை அந்த மூன்றறை வீட்டின் விலைக்குச் சற்று மேல்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றாள் வேதவல்லி, கண்ணைச் சுருக்கி.

"ஒண்ணுமில்ல. வீட்ட வித்துடலாம் வேதா."

"வித்துட்டு?"

"படகுல குடியிருக்கலாம். நீதான் டிக்கெட் கேக்க மாட்டியே."

அவள் சிரித்தாள். அவர் ‘ஆதரிக்கிறேன்’ என்பதை அழுத்தினார். விரல் உடனே போய்விட்டது. சம்மதம் மட்டும் இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர் போய்த் திரும்பி, ஒன்றரை நொடி கழித்துப் பதிவானது. அந்த இடைவெளியில் அவர் மனம் எதையும் யோசிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாகத் தன் உடம்பு இருக்கும் இடத்திலேயே தானும் இருப்பது போல் இருந்தது.

வாக்கெடுப்பு நாற்பது நொடியில் முடிந்தது. நிறைய நேரம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில் முடிவு வந்தது.

எதிர்த்தவர்கள்: 41,205. ஆதரித்தவர்: 1.

வேதவல்லி அதைப் படித்துவிட்டு, எண்கள் இடம் மாறி வந்திருக்குமோ என்பதுபோல இன்னொரு முறை படித்தாள். பிறகு கையில் ஏறியிருந்த குழாயைப் பார்த்தாள். "அந்த ஒண்ணு நீங்களா?" என்று கேட்டாள்.

ஒன்றரை நொடி போயிற்று. பதினைந்து நொடி போயிற்று. அவள் தன் இடது கையை, நரம்பு தீர்ந்துபோன கையை, நீட்டி அவர் முழங்கால்மேல் வைத்தாள். செவிலி தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தின் எண்களைக் குறித்தாள்.

கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. ‘மனம் தளராதீர்கள் சார்.’ ‘நாங்கள் எல்லோரும் உங்களோடு இருக்கிறோம்.’ ‘யார் இப்படிச் செய்தார்களோ தெரியவில்லை, வெட்கக்கேடு.’ இந்தக் கடைசிச் செய்தி ஜெபக்கனியுடையது. மிருணாளினி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். முதல் பாதி முழுக்க அழுகை. துளிகள் மறுபடி விழத் தொடங்கி, அரை மணி நேரத்தில் ஐம்பதாயிரத்தைத் தாண்டின. சிலர் இரண்டு முறை அழுத்தியிருக்க வேண்டும்.

தலைவர் கூட்டத்தை முடித்துவைக்கும் முன் ஒரு விளக்கத்தைப் படித்தார். தீர்மானம் கொண்டுவந்தவருக்கு அதில் சொந்த ஆதாயம் இருப்பதால், ஊர் விதிகளின்படி அவர் வாக்கு கணக்கில் சேராது.

எனவே தீர்மானம் ஒருமனதாகத் தோற்கடிக்கப்பட்டது.